உரியவர்கள்: இருவர்

மார்ச் 3

அன்புள்ள மருமகளுக்கு,

இப்படித் தொடங்கலாமா கூடாதா என்று யோசித்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். ஜனவரியில் உனக்கும் என் மகனுக்கும் விவாகரத்துத் தீர்ப்பு வந்த பிறகு உன்னை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய பழக்கத்திலேயே தொடங்கியிருக்கிறேன். பிடிக்கவில்லை என்றால் சொல்லிவிடு.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். நான் போனில் பேசினால் தெருவுக்கே கேட்கும். எதிரில் இருப்பவர் பேசுவது எனக்கு மட்டும் கேட்காது. காதுக்கு வாங்கி மாட்டிய கருவி கீச்சுக் கீச்சு என்று கத்துகிறதே ஒழிய ஒரு சொல்லையும் உருப்படியாகக் கொண்டுவந்து சேர்ப்பதில்லை.

மற்றபடி சுகம்தான். இடது முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. நீ பார்த்துப் பார்த்துப் போட்டுக் கொடுத்த கண்ணாடி நன்றாக இருக்கிறது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் முப்பத்தோரு வருடம் குப்பிகளுக்குச் சீட்டு ஒட்டிய கை அல்லவா, ஓய்வு பெற்றும் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் சீட்டு ஒட்டி முடித்தேன். உப்பு டப்பாவில் ‘உப்பு. ஈரம் படக் கூடாது’ என்று எழுதியிருக்கிறேன். உன் அத்தை உயிரோடு இருந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

நீ வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாக யார் யாருக்கோ கொடுத்துக்கொண்டிருப்பதாகக் காற்றுவாக்கில் கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று கேட்காதே. உண்மைதானா? ஏனம்மா?

உன் மாமா


மார்ச் 9

அன்புள்ள மாமா,

உங்கள் கடிதத்தைக் கண்ணாடிக்கடையில் வைத்தே படித்துவிட்டேன். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்தவர், “கீழ் வரியைப் படிக்கட்டுங்களா?” என்று மூன்று தடவை கேட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. உங்கள் காது எனக்கும் ஒட்டிக்கொண்டது போலிருக்கிறது.

எப்படித் தொடங்குவது என்பதை எல்லாம் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் எழுதியதே எனக்குச் சந்தோஷம்.

கேள்விப்பட்டது உண்மைதான். மே மாதக் கடைசியில் இந்த வீட்டைக் காலி செய்கிறேன். மூன்று அறையில் ஒற்றை ஆளாக நான் என்ன செய்ய? ஒன்றில் படுக்கிறேன், இன்னொன்றில் துணி காயப் போடுகிறேன், மூன்றாவதைப் பெருக்க மட்டும் போகிறேன். அடுத்துப் பார்ப்பது ஓர் அறையும் சமையலறையும் கொண்ட சின்ன வீடாக இருக்கும். அதில் அந்தப் பெரிய கட்டிலும் மேசையும் நுழைந்தால் நான் வெளியேதான் நிற்க வேண்டும்.

எங்கள் எட்டுத் தெருவுக்கும் சேர்த்துப் போனில் ஒரு குழு இருக்கிறது. பெயர் ‘எடுத்துக்கோங்க’. வேண்டாத சாமானைப் படம் எடுத்துப் போட வேண்டியது. முதலில் ‘எனக்கு’ என்று எழுதுகிறவருக்கு அது. விலை இல்லை, எதற்கு என்று கேட்பதும் இல்லை. சாமானை வாசலில் வைத்து ஒரு சீட்டைச் சொருகிவிட்டு நான் வேலைக்குப் போய்விடுவேன். அவர்களே வந்து எடுத்துக்கொள்வார்கள்.

வேடிக்கைக்குப் பஞ்சமில்லை. ஓர் அம்மா எவர்சில்வர் பாத்திரத்தின் மூடி மட்டும் போதும் என்றார். இன்னொருவர் குடை மாட்டும் சட்டத்தை வாங்கிப் போய்விட்டு, மறுநாள் “குடை ஏதாச்சும் இருக்குங்களா?” என்று கேட்டார்.

‘ஊசிநூல்’ என்ற பெயரில் ஒருவர் இருக்கிறார். நான் எதைப் போட்டாலும் அரை நிமிடத்தில் ‘எனக்கு’ என்று வந்து நிற்கிறார். இஸ்திரிப் பெட்டி, மடக்கு நாற்காலி, கேஸ் அடுப்பு, கட்டில் எல்லாம் அவருக்கே போனது. எனக்குச் சின்ன ஒற்றை அடுப்பும் ஒற்றைக் கட்டிலும் போதும். யாரோ புதுக்குடித்தனம் வைக்கிறார் என்று நினைத்துக்கொள்கிறேன். நம் வீட்டுச் சாமான் பிரியாமல் ஒரே வீட்டில் இருக்கட்டுமே.

ஒரு செவிலியரை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. வேலை மாற்றலாகி வந்தவர். வெறுந்தரையில் படுத்துக்கொண்டு, தண்ணீர் கொதிக்க வைக்கும் கெட்டிலிலேயே சோறும் பொங்குகிறாராம். அடுப்பையும் கட்டிலையும் அவரும் கேட்டார். ஒவ்வொரு முறையும் ஊசிநூல் முந்திவிட்டார்.

முழங்காலுக்குச் சூடாக ஒத்தடம் கொடுங்கள். மாடிக்கு என்ன அவசரம்?

உங்கள் மருமகள்


மார்ச் 15

அன்புள்ள மருமகளுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்று தடவை படித்தேன். நல்ல குழுவாகத்தான் தெரிகிறது.

அந்த ஊசிநூல் யாரோ பாவம், தேவை இருக்கப் போய்த்தானே கேட்கிறார். நல்ல மனிதராகத்தான் இருப்பார். நீ சொன்ன மாதிரி சாமான்கள் பிரியாமல் இருப்பது பெரிய விஷயம். நீயே அப்படி நினைத்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

சாப்பாட்டு மேசையை எப்போது போடப் போகிறாய்? சும்மா தெரிந்துகொள்ளத்தான். காலையிலா மாலையிலா என்று தெரிந்தால் நல்லது. எதற்கு என்று கேட்காதே, வயதானவனுக்கு ஆயிரம் கேள்வி இருக்கும்.

செவிலியருக்கு வேறு எங்கேயாவது அடுப்பு கிடைக்காமலா போகும்?

ஒத்தடம் கொடுக்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் மாமா


மார்ச் 28

மாமா,

மேசையை வியாழக்கிழமை காலை ஏழரைக்குப் போட்டேன். அந்த நிமிடமே ஊசிநூல் ‘எனக்கு’ என்றார். உங்களுக்குத் தெரியாததா?

அன்றைக்குக் குழுவில் கொதித்துவிட்டார்கள். “எல்லாத்தையும் ஒரே ஆள் அள்ளிக்கிட்டுப் போறாரு, வெளிய வித்துக் காசு பாக்குறாரு போல” என்று ஒருவர் எழுத, ஆளாளுக்குப் பிடித்துக்கொண்டார்கள். அவரை நீக்கிவிடுவதாகப் பொறுப்பாளர் அறிவித்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. அவரிடம் நேரில் பேசி, அடுப்பை மட்டுமாவது அந்தப் பெண்ணுக்கு விட்டுக்கொடுக்கச் சொல்லலாம் என்று செவிலியரையும் அழைத்துக்கொண்டு விசாரித்துப் போனேன். மூன்றாவது தெருவில் ஒரு தையல்கடை. என்னைக் கண்டதும் தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோல் கீழே விழுந்தது.

பின்கட்டைத் திறந்து காட்டினார். என் வீடு அங்கே இருந்தது, மாமா. கட்டில் சுவரை ஒட்டிப் போட்டிருந்தது. அடுப்பு துணி போர்த்தி இருந்தது. ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சீட்டு, வலப்பக்கம் சாய்ந்த எழுத்து. எனக்கு அந்தக் கையெழுத்து தெரியாதா? ‘பொருள்: கட்டில். நிலை: நன்று. உரியவர்கள்: மகன், மருமகள்.’

செவிலியர் சத்தமாகப் படித்துவிட்டு, “யாருங்க இந்த மருமக?” என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு சாமானையும் வாசலில் வைத்துவிட்டுப் போகும்போது நான் எவ்வளவு மனதைத் தேற்றிக்கொண்டு போனேன் தெரியுமா? அப்பாடா, ஒன்று போனது என்று மூச்சு விடுவேன். போனதாக நான் நினைத்தது எல்லாம் நாலு சுவருக்குள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இருவரும் திரும்பி வந்து அந்தக் கட்டிலைப் போட்டுக் குடித்தனம் நடத்துவோம் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டீர்கள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு மாதமாக ஒரு பெண் தரையில் படுக்கிறாள்.

இனிமேல் மருமகள் என்று எந்தச் சீட்டிலும் எழுத வேண்டாம். கடிதத்திலும் வேண்டாம்.

கண்ணாடிக்கடைக்காரி


ஏப்ரல் 3

அம்மா,

வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. இது பொதுவான சொல்தானே, இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டாய்.

நான் செய்தது தப்பு. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். தையல்காரர் என்னுடன் படித்தவர். நான் கெஞ்சியதால்தான் அவர் போனை எடுத்து உட்கார்ந்தார். சட்டையில் பித்தான் தைக்கிற நேரம்கூட அந்த போனை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது என்று படுத்தி வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி வந்து சீட்டு ஒட்டுவேன். சின்னச் சாமான்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவேன். அந்த நாட்களில் உன் தெரு வழியாகத்தான் நடந்து போவேன், உன் வாசலில் நிற்காமல்.

நான் பார்த்தவரை நீங்கள் இருவரும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. சண்டை இல்லாத வீட்டில் என்ன பிரிவு, நாலு மாதத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்போது ஒரு கரண்டி இல்லை, ஒரு நாற்காலி இல்லை என்று நீங்கள் திண்டாடக் கூடாதே என்றுதான் சேர்த்து வைத்தேன். செவிலியரைப் பற்றி நீ எழுதியபோது எனக்கு உறுத்தியது. ஆனாலும் மேசையைக் கேட்டு எழுதினேன். அதை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

உன் கடிதம் வந்த அன்றே என் மகன் வந்திருந்தான். கூடத்தில் உன் இஸ்திரிப் பெட்டியையும் நாற்காலியையும் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டான். “ஒரு தடவை போய்ப் பேசிப் பாரேன்டா” என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து நிதானமாகச் சொன்னான். “அப்பா, சண்டை போட்டிருந்தா சமாதானம் ஆகியிருப்போம். நாங்க சண்டையே போடல. ஒரே வீட்ல ரெண்டு பேர் வாடகைக்கு இருந்த மாதிரி இருந்தோம். அவ நல்லவ. அவளை விட்டுடுங்க.”

எனக்கு முழுக்கக் கேட்டது. அதுவரை நான் கேட்காத மாதிரி இருந்திருக்கிறேன், அவ்வளவுதான். அவன் போன பிறகு ரொம்ப நேரம் அழுதேன். உன் அத்தை போனபோதுகூட இவ்வளவு அழவில்லை.

எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறேன். தையல்காரர் பொறுப்பாளரிடம் காலில் விழாத குறையாகப் பேசி, குழுவில் இன்னும் இரண்டு வாரம் இருக்க அனுமதி வாங்கியிருக்கிறார். முதலில் அடுப்பும் கட்டிலும். அவை யாருக்கு என்று நீ சொல்லத் தேவையில்லை.

மன்னிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஒன்று மட்டும் தெரிய வேண்டும். நான் உனக்கு எழுதலாமா?

மாமா என்று கையெழுத்துப் போடக் கை வருகிறது. போடவில்லை.


ஏப்ரல் 16

அன்புள்ள மாமா,

கையெழுத்து இல்லாத கடிதத்தை நான் இதற்கு முன் வாங்கியதில்லை. அடுத்த தடவை போடுங்கள்.

செவிலியர் நேற்றுக் கடைக்கு வந்தார். அடுப்பில் முதல் நாள் சமைத்ததை ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்து கொடுத்தார். உப்பு கொஞ்சம் தூக்கல். ஆனால் அந்த முகத்தில் இருந்த களையைப் பார்க்க வேண்டுமே! கட்டிலில் படுத்து மறுநாள் மத்தியானம்வரை தூங்கிப் போனாராம்.

ஊசிநூல் பெயரில் நீங்கள் போடும் அறிவிப்புகளைத்தான் குழுவே காத்திருந்து படிக்கிறது. ‘மேசை. ஒரு கால் ஆடும். காரணம், என் மகன் அதன்மேல் ஏறி நின்று விளக்கு மாட்டினான். ஆறு பேர் உட்காரலாம், ஏழாவது ஆள் வந்தால் அவர் மெலிந்தவராக இருக்க வேண்டும்.’ ‘இஸ்திரிப் பெட்டி. சூடு ஏற நேரம் எடுக்கும், பொறுமை உள்ளவர் கேட்கவும்.’ உங்களை விரட்டச் சொன்ன அதே ஆள், “சார், இன்னிக்கு ஒண்ணும் போடலையா?” என்று கேட்கிறார். கடையில் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் லென்சு ஒன்று கீறிப் போனது.

நான் அன்று எழுதியது கொஞ்சம் கடுமைதான். கோபம் பொய்யில்லை, ஆனால் கோபம் மட்டுமே இருந்தது என்றும் இல்லை. கட்டில் மேலே போர்வையை மடித்து, அதற்குக் கீழே அந்துருண்டை போட்டு வைத்திருந்தீர்களே, அதை யாரிடமும் சொல்லவில்லை. எனக்காக இவ்வளவு மெனக்கெட்டவர்கள் குறைவு.

ஆனால் மாமா, என்னிடம் இப்போது ஒரு பதிலும் இல்லை. நான் உங்களுக்கு யார், நீங்கள் எனக்கு யார் என்று யோசித்தால் தலை சுற்றுகிறது. கொஞ்ச நாள் போகட்டும்.

(இந்தத் தடவை எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியவில்லை.)


ஏப்ரல் 24

அம்மா,

கடைசிச் சாமானும் போய்விட்டது. சுவர்க் கடிகாரம். புதிதாகப் பாட்டு வகுப்பு தொடங்கிய ஒரு பெண் வாங்கிப் போனாள். பின்கட்டைப் பெருக்கித் தையல்காரரிடம் சாவியைக் கொடுத்தாயிற்று. உன்னுடையது என்று இனி என்னிடம் எதுவும் இல்லை.

நீ கேட்டபடி கொஞ்ச நாள் போகட்டும். நான் தொந்தரவு செய்ய மாட்டேன். தபால்காரர் வந்தால் வாசலுக்குப் போவதை மட்டும் நிறுத்த முடியாது. அது கால் பழகிய பழக்கம்.

மாமா


மே 18

அன்புள்ள மாமா,

நடுவில் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். வீடு தேடி அலைந்ததில் செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம்.

நான்கு வீடு பார்த்தேன். முதல் வீட்டில், “தனியா இருக்கற பொம்பளைக்குக் குடுக்கறதில்லம்மா” என்று கதவுச் சங்கிலியை எடுக்காமலே பேசி அனுப்பினார்கள். இரண்டாவது வீட்டில் எல்லாம் சரி என்றவர்கள், விவாகரத்து என்று சொன்னதும் வீட்டைத் தம்பிக்குக் கொடுப்பதாக இருக்கிறோம் என்றார்கள். அந்தத் தம்பி இன்னும் வரவில்லை, பலகை இப்போதும் தொங்குகிறது. மூன்றாவது வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையிலேயே நான் திரும்பிவிட்டேன்.

நான்காவது வீடு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. மாடியில் ஓர் அறை, நல்ல வெளிச்சம், கடைக்கு நடந்தே போகலாம். வீட்டுக்கார அம்மா கண்டிப்பானவர், ஆனால் மோசமில்லை. “உங்க வீட்டுப் பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க, பேசிட்டுச் சாவியைத் தர்றேன்” என்கிறார். அப்பா இல்லை, அம்மா இருக்கும் தூரமும் உடம்பும் உங்களுக்குத் தெரியும். அண்ணனைக் கேட்டேன். “வேலையை விட்டுட்டு இங்க வந்துடு, எதுக்குத் தனியா?” என்கிறான். அன்பாகத்தான் சொல்கிறான். எனக்கு என் வேலை வேண்டும், என் கதவுக்கு ஒரு சாவி வேண்டும். இந்த மாதக் கடைசிக்குள் இது அமையாவிட்டால் அண்ணன் வீட்டுக் கூடத்தில்தான் போய்ப் படுக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவீர்களா? யோசித்துப் பார்த்தேன், வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். விவாகரத்து என்று நான் அந்த அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ‘சொந்தக்காரர்’ என்று மட்டும் சொல்லுங்கள், பொய்யும் ஆகாது. அதற்கு மேல் துருவினால் காது கேட்காததுபோல் இருந்துவிடுங்கள். உங்களை மறைத்துப் பேசச் சொல்கிற நிலை எனக்கு. அதை நினைத்தால் அழுகை வருகிறது.

மாடிப்படி பதினெட்டு இருக்கிறது. நீங்கள் ஏற வேண்டாம், கீழேயே உட்கார்ந்து பேசலாம்.

நான்


மே 27

அன்புள்ள மருமகளுக்கு,

ஆமாம், அப்படியே எழுதிவிட்டேன். காரணத்தைப் படித்துவிட்டு வேண்டாம் என்றால் அடித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கார அம்மாவின் கணவரோடு மாடிக்குப் போய்க் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாய். இறங்கி வந்தபோது அந்த அம்மா உன் கையில் சாவியைக் கொடுத்தார். பஸ் நிறுத்தம்வரை வந்த நீ, “என்ன மாமா சொன்னீங்க? எப்படி ஒத்துக்கிட்டாங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தாய். நான் பஸ் சத்தத்தில் கேட்காததுபோல் ஏறிவிட்டேன். நேரில் சொன்னால் நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிடுவேனோ என்று பயம். அதனால் எழுதுகிறேன்.

நீ சொல்லிக் கொடுத்தபடிதான் தொடங்கினேன். சொந்தக்காரர் என்றேன். “சொந்தம்னா? என்ன முறை?” என்றார். காது கேட்காததுபோல் கூரையைப் பார்த்தேன். அந்த அம்மா எழுந்து என் காதருகில் வந்து, பள்ளிக்கூட மணி அடித்த மாதிரி திரும்பக் கேட்டார். அதற்கு மேல் கேட்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

“மாமனாருங்க” என்றேன்.

“அப்ப உங்க பையன் எங்க?”

சொல்லிவிட்டால் உன் வீடு போய்விடும் என்று தெரியும். ஆனால் அந்த வீட்டில் நீ இருக்கப் போகிறாய். என்றைக்காவது ஒருநாள் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு நீ தலை குனிந்து நிற்கக் கூடாது என்று தோன்றியது.

“பையன் வேற இடத்துல இருக்கான். ரெண்டு பேருக்கும் விவாகரத்து ஆயிடுச்சுங்க. தப்பு யார் மேலயும் இல்ல. நல்ல பொண்ணு. தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க” என்றேன்.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மூக்கில் விரல் வைத்துக்கொண்டு கேட்டார். “விவாகரத்து ஆன அப்புறம் நீங்க எப்படிங்க மாமனார்? எந்த உரிமையில வந்து பேசறீங்க?”

எனக்கும் அந்தக் கேள்விதானே இத்தனை மாதமாக. பதில் இருப்பதாக நான் நினைக்கவே இல்லை. வாயைத் திறந்தேன், தானாக வந்தது.

“பிரியறோம்னு கையெழுத்துப் போட்டது அவங்க ரெண்டு பேருங்க. நான் எதுலயும் கையெழுத்துப் போடலயே.”

உன் மாமா